அங்கே இருந்தவரின் உரிமை



பொதுச் சுகாதாரம் பற்றிப் பேச அழைத்தீர்கள். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஊர் கதிர்வீச்சுக்கு ஆளாகிவிட்டது, அரசும் மருத்துவ உதவி தர முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உதவிக்கு உரியவர் யார்? பட்டியலில் யார் பெயர் ஏறும், யார் பெயர் விடுபடும்?

இதைத் தேனி மாவட்டத்தில் வைத்துக் கேட்கக் காரணம் இருக்கிறது. பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம். மலைக்குள்ளே 50,000 டன் இரும்பால் ஆன உணர்கருவி. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, 2018-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது, மறுபடி வழக்கு. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, அந்த மலை புலிகள் நடமாடும் வழித்தடத்தில் இருப்பதைச் சொல்லி, திட்டத்துக்கு இடம் தர இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நியூட்ரினோ என்ற நுண்துகள் உடம்பைத் தொடாது. நாம் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே கோடி கோடியாக நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கிறது. எந்தத் தீங்கும் செய்வதில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊரில் இருந்த பெரிய பயம் வேறு: இன்றைக்கு ஆய்வகம் என்று தோண்டும் குகை நாளைக்கு அணுக்கழிவுக் கிடங்கு ஆகிவிடுமோ என்பது. அப்படி ஆகாது என்று திட்டத்தார் மறுத்தார்கள். ஆனால் அந்தப் பயத்துக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. “எங்களுக்கு ஏதாவது ஆனால், எங்களைக் கணக்கில் எடுப்பார்களா?” இதற்கு இயற்பியலில் பதில் கிடையாது. சட்டத்தில், நிர்வாகத்தில், ஏடுகளில்தான் பதில் இருக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “என் நோய் கதிர்வீச்சால் வந்தது” என்று நிரூபிக்கும்படி எந்தத் தனிமனிதரையும் கேட்கக் கூடாது. “அந்த நாட்களில் நான் அங்கே இருந்தேன்” என்பதே மருத்துவ உரிமைக்குப் போதுமான தகுதி. அங்கே இருந்தவர் யார் என்ற ஏட்டை வைத்திருக்கும் கடமை அரசுடையது. கூலியாளின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

1

நோயை ஏன் உரைகல்லாக வைக்க முடியாது?

கதிர்வீச்சால் வந்த புற்றுநோயில் அடையாள முத்திரை எதுவும் இருப்பதில்லை. நுரையீரல் புற்றுநோய் புகையிலையாலும் வரும், பாறைகளிலிருந்து கசியும் ரேடான் வாயுவாலும் வரும். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து ‘இது இன்னதால் வந்தது’ என்று எந்த மருத்துவரும் ஒரு நோயாளிக்குச் சான்றிதழ் எழுத முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்தால், ஒரு கூட்டத்தில் நோய் எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லலாம். கூடிய அந்த எண்ணிக்கையில் எது யாருடைய நோய் என்பது அப்போதும் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், நம் மணவாளக்குறிச்சியில் இருப்பதைப் போன்றே, தோரியம் கலந்த மோனசைட் மணல் உண்டு. இயற்கையாகவே அங்கே கதிர்வீச்சு அதிகம். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு, கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆய்வு எந்தப் பக்கம் பேசினாலும் அது பேசுவது கூட்டத்தைப் பற்றித்தான். மருத்துவமனை வாசலில் சீட்டோடு நிற்கும் ஒருவருக்கு ‘உண்டு’ என்றும் அதனால் சொல்ல முடியாது, ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது காலம். அணு உலை விபத்தில் வெளிவரும் அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டுப் பாலில் இறங்கி, குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். செர்னோபிலில் 1986-ல் நடந்தது இதுதான். அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குள் குழந்தையின் கழுத்தருகே கருவியை வைத்து அளந்திருந்தால் அளவு தெரியும். அளக்காவிட்டால் இனி எப்போதும் நேரடியாக அளக்க முடியாது. நோயோ பல ஆண்டுகள் கழித்து வருகிறது. ரத்தப் புற்றுநோய் ஓரிரு ஆண்டுகளிலேயே தலைகாட்டலாம். மற்றப் புற்றுநோய்கள் பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரும். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது குழந்தைகளாக இருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் அபாயம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

சான்று வாரக்கணக்கில் அழிகிறது, நோய் பத்தாண்டுக் கணக்கில் வருகிறது. நிரூபணத்தை நோயாளியிடம் கேட்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் நாடாளுமன்றம் 2010-ல் இயற்றிய அணுசக்திச் சேதப் பொறுப்புச் சட்டம், உடல் பாதிப்புக்கு இழப்பீடு கோரும் உரிமை சம்பவத்திலிருந்து 20 ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று வைத்தது. ஐந்து வயதில் பாலைக் குடித்த குழந்தைக்கு முப்பது வயதில் நோய் வந்தால், சட்டத்தின் கதவு அதற்கு ஐந்தாண்டு முன்பே அடைபட்டிருக்கும்.

2

அப்படியானால் இடத்தை வைத்து முடிவு செய்யலாம். பல நாடுகள் அதைத்தான் செய்தன. ஆனால் இடம் என்றதும் யாராவது வரைபடத்தில் கோடு போட்டாக வேண்டும். கோடு போடுபவரின் பிழை மனிதர்கள்மேல் விழுகிறது.

ஜப்பான் 1957-ல் அணுகுண்டுக்கு ஆளானவர்களுக்கு மருத்துவ உதவிச் சட்டம் கொண்டுவந்தது. குண்டு விழுந்தபோது வரையறுத்த எல்லைக்குள் இருந்தவர், இரண்டு வாரத்துக்குள் நகருக்குள் வந்தவர், காயம்பட்டவரைத் தூக்கியவர், அப்போது வயிற்றில் இருந்த பிள்ளை என்று வகை பிரித்து மருத்துவ அட்டை கொடுத்தது. பரிவோடு எழுதிய வகைப்பாடு என்றே சொல்வேன். நோய் எப்படி வந்தது என்று கேட்பதற்கு முன்பே அந்த அட்டை ஒருவரை உள்ளே சேர்த்துக்கொண்டது.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அன்று நகருக்கு வெளியே மலைக் கிராமங்களில் கருமழை பெய்தது. சாம்பலும் கதிரியக்கப் பொருளும் கலந்த மழை. வயலில் நின்றவர்கள் நனைந்தார்கள், பிள்ளைகள் நனைந்தார்கள், அந்த நீரைக் குடித்தார்கள், அது படிந்த காய்கறியைச் சாப்பிட்டார்கள். 1976-ல் அரசு, போருக்குப் பின் நடந்த வானிலை விசாரணையை ஆதாரமாக வைத்து, கனமழை பெய்த பகுதி என்று ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டத்தை வரைந்தது. உள்ளே இருந்தவருக்கு இலவசப் பரிசோதனை. குறிப்பிட்ட நோய் வந்தால் அட்டை. வெளியே இருந்தவருக்கு எதுவும் இல்லை. மழை தூறலாகப் பெய்த ஊர் என்பதே அவர்கள் செய்த குற்றம்.

அவர்கள் 2015-ல் வழக்குப் போட்டார்கள். எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பலர் இறந்தார்கள். 2020 ஜூலையில் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் 84 பேரையும் ஏற்றது. 2021 ஜூலை 14 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, இன்னும் ஒரு படி மேலே போனது: கதிர்வீச்சால் உடல்நலக் கேடு வந்திருக்கும் வாய்ப்பை மறுக்க முடியாது என்ற நிலைமையில் ஒருவர் இருந்தார் என்று காட்டினாலே போதும். பிரதமர் சுகா மேல்முறையீடு செய்வதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்தத் தீர்ப்பில் என் கருத்துக்கு முழு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் மழைக்கும் தீர்ப்புக்கும் இடையில் 76 ஆண்டுகள். அதற்குப் பிறகும் நாகசாகியில் அதே போன்ற மழையில் நனைந்ததாகச் சொன்ன 44 பேரில் 15 பேரை மட்டுமே அங்குள்ள மாவட்ட நீதிமன்றம் 2024-ல் ஏற்றது. நாடு ஒன்று, குண்டு போட்ட வாரம் ஒன்று, மழை ஒன்று. ஊர் வேறு என்பதால் விதி வேறானது.

அமெரிக்கா 1990-ல் தனிச் சட்டம் போட்டு, நெவாடா அணுச் சோதனைகளின் காற்று வீசிய மாவட்டங்களைப் பட்டியலிட்டது. குறிப்பிட்ட ஆண்டுகளில் அங்கே இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, பட்டியலில் உள்ள புற்றுநோய் வந்திருந்தால் 50,000 டாலர் என்றது. காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல விதி. ஆனால் உலகின் முதல் அணுகுண்டு 1945 ஜூலை 16 அன்று வெடித்தது நியூ மெக்சிகோவில். அங்கே காற்று வீசிய பக்கம் வாழ்ந்த குடும்பங்களை அந்தச் சட்டம் மறந்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2025-ல்தான் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

3

நம் நாட்டுப் பட்டியல்களுக்கு வருகிறேன். கதிர்வீச்சில் நமக்குப் பெரிய அனுபவம் இல்லை, விஷத்தில் இருக்கிறது.

போபால் விஷவாயு வழக்கில் 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்தபோது, பாதிக்கப்பட்டோர் சுமார் ஒரு லட்சம் பேர் என்ற கணக்கில் செய்தார்கள். பிறகு விசாரித்து இழப்பீடு வழங்கியபோது எண்ணிக்கை ஐந்தரை லட்சத்தையும் தாண்டியது. தொகை அதேதான். பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். தற்காலிகக் காயம், நிரந்தரக் காயம் என்று பிரித்தது மருத்துவத் தாள்களை வைத்து. அந்த இரவில் கண் எரிய ஓடியவர்களில் எத்தனை பேர் கையில் தாள் இருந்திருக்கும்?

காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அங்கே மருத்துவ முகாம் நடத்திப் பட்டியல் எடுத்தார்கள். முகாம் அன்று ஊரில் இருந்தவர், வண்டி ஏறி வர முடிந்தவர், மருத்துவர் கண்ணுக்குப் பட்டவர் பட்டியலில் ஏறினார். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்துக்குள் ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் பார்த்தபோது, 3,704 பேரில் எட்டுப் பேருக்குத்தான் கிடைத்திருந்தது. பட்டியலில் பெயர் ஏறினாலும் பணம் கைக்கு வரும் என்ற உறுதி இல்லை.

கதிர்வீச்சிலும் இரண்டு நிகழ்ச்சிகள். 2003 ஜனவரி 21, கல்பாக்கம் அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலை. ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிகுந்த கழிவு குறைந்த வீரியத் தொட்டிக்குள் வந்தது. ஆறு ஊழியர்கள் ஆண்டு வரம்புக்கு மேல் கதிர்வீச்சு வாங்கினார்கள். வெளியே தெரிந்தது மாதங்கள் கழித்து. 2010 ஏப்ரல், டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவியை ஏலம் விட்டார்கள், கடையில் உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் மருத்துவமனையில் படுத்தார்கள். பல்கலைக்கழகம், ஏலம் எடுத்தவர், உடைத்தவர் என்று சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனது அதிகாரிகள் பிறகு செய்த வேலை. முதல் பட்டியல் மருத்துவமனைப் படுக்கைதான். உடம்பு கறுத்து, முடி கொட்டி வந்தவர் எண்ணிக்கையில் சேர்ந்தார். அந்த இரும்பை வண்டியில் ஏற்றி இறக்கிய சுமைக்காரர், குறைந்த அளவு வாங்கி அன்று நன்றாக இருந்தவர் என்றால், அவரை எந்த ஏட்டில் தேடுவது?

அணு நிலையத்தின் வேலிக்கு உள்ளே ஏடு உண்டு. ஊழியர் மார்பில் அளவிச் சீட்டு மாட்டியிருப்பார். அதைப் படித்துப் பதிவு செய்வார்கள். ஐந்தாண்டில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 என்ற வரம்பு இருக்கிறது. வேலிக்கு வெளியே இருப்பவருக்கு ஆண்டுக்கு 1 என்ற வரம்பு தாளில் இருக்கிறது, மார்பில் சீட்டு இல்லை. அதனால்தான் வெளியே இருப்பவரிடம் அளவைக் கேட்கவே கூடாது என்கிறேன்.

4

இனி நம் கம்பம் பள்ளத்தாக்கு.

விடிவதற்கு முன்பே கம்பம், கோம்பை, தேவாரம், போடிப் பக்கத்து ஊர்களில் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் பழைய சட்டையுமாகப் பெண்கள் நெருக்கி ஏறுவார்கள். கம்பமெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்து, களை வெட்டி, மருந்தடிக்க உதவி, இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார்கள். ரேஷன் அட்டை தமிழ்நாட்டில், பகல் முழுதும் உடம்பு கேரளத்தில்.

இப்படி ஆள் கூட்டிப்போகும் கங்காணி ஒருவரின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு. அதில் முழுப் பெயர் ஒன்றுகூட இல்லை. ‘மேலத்தெரு அக்கா’, ‘டிரைவர் சம்சாரம்’, ‘புதுசு 2’ என்று இருந்தது. எதிரே கூலி. கொடுத்து முடித்ததும் பக்கத்தின் மேலே குறுக்கே ஒரு கோடு. எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை. அவருக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை. சீசன் முடிந்தால் நோட்டு போய்விடும். அந்தப் பெண்கள் எந்த நாளில் எந்த மலையில் இருந்தார்கள் என்பதற்கு உலகில் இருக்கும் ஒரே எழுத்து அது.

அந்தத் தோட்டம் இருக்கும் பஞ்சாயத்தில் ஏதோ ஒன்று நடந்துவிட்டது என்று வையுங்கள். கேரள அரசு தன் பட்டியலைத் தன் வாக்காளரை, தன் ரேஷன் அட்டையை வைத்து எடுக்கும். தமிழ்நாடு அரசு, பாதிப்பு எல்லைக்கு அப்பால்தானே என்று சொல்லும். அங்கே இரவு தூங்கியவர் சேர்வார்; அங்கே பகல் முழுதும் மூச்சு விட்டவர் விடுபடுவார். ஜப்பானில் கோடு போட்டவர்கள் நனைந்த வீட்டைத் தவறவிட்டார்கள். இங்கே மாநில எல்லை என்ற கோடு ஏற்கெனவே போட்டிருக்கிறது.

அம்பரப்பர் மலையில் குகை தோண்டியிருந்தால் முதலில் ஆபத்துக்கு ஆளாகியிருக்கக்கூடியவர் பொட்டிப்புரத்துக்காரர் அல்ல. கடினப் பாறையைக் குடையும்போது சிலிக்கா தூசி வரும். பாறையில் இயல்பாக இருக்கும் யுரேனியத்திலிருந்து ரேடான் கசியும். காற்றோட்டம் சரியில்லாவிட்டால் அது சுரங்கத்துக்குள் தேங்கும். அதைச் சுவாசிப்பவர் வெளியூரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. வேலை முடிந்ததும் தன் மாநிலத்துக்குப் போய்விடுவார். இருபது ஆண்டு கழித்து அவருக்கு இருமல் வந்தால், தேனி என்ற பெயர் அவர் மருத்துவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. திட்டத்தை எதிர்த்த நம் கூட்டங்களிலும் அந்த மனிதரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அவரும் அங்கே இருப்பவர்தான்.

5

இரண்டு மறுப்புகள் எப்போதும் வரும். முதலாவது: இருந்தேன் என்று சொன்னால் போதுமென்றால் ஊரே வந்து பெயர் கொடுத்துவிடும்.

கொடுக்கட்டும். உரியவர் அல்லாத ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அரசுக்கு ஒரு சிறு செலவு. உரியவர் ஒருவர் விடுபட்டால் ஓர் உயிர். இரண்டு பிழைகளும் ஒரே எடை என்று நினைப்பவரோடுதான் எனக்கு வாதம். ஜப்பானில் அட்டைக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும் என்று கேட்டார்கள்; சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பலர் செத்துப்போயிருந்தார்கள். இங்கே ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரின் வாய்மொழியை ஏற்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பணம். இங்கே ஒரு பிரிவினையை நானே செய்கிறேன். பரிசோதனை, சிகிச்சை, இழப்பீடு மூன்றையும் ஒரே வாசலில் வைக்கக் கூடாது. அங்கே இருந்த அனைவருக்கும் வாழ்நாள் பரிசோதனை. குறிப்பிட்ட நோய்கள் வந்தால், காரணம் கேட்காமல் சிகிச்சை. பெருந்தொகை இழப்பீட்டுக்கு மட்டும் கூடுதல் விசாரணை இருக்கலாம். அப்போதும் அளவு தெரியாத இடத்தில் சந்தேகத்தின் பலன் நோயாளிக்கே. அமெரிக்காவில் 2000-ல் அணு ஆயுதத் தொழிலாளருக்காக வந்த சட்டம் இதைச் செய்தது: சில தொழிற்சாலைகளில் யார் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று கணக்கிட முடியாது என்று ஒப்புக்கொண்டு, அங்கே குறிப்பிட்ட காலம் வேலை செய்தவருக்கு 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்தால் கேள்வியின்றிச் சேர்த்துக்கொண்டது. அளக்காதது அரசின் தவறு, அதற்குரிய விலையைத் தொழிலாளி கொடுக்க வேண்டியதில்லை என்பதே அந்த விதியின் உயிர்.

நமக்கும் இது புதிதல்ல. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு மதுரைக்குப் போகும் புற்றுநோயாளியிடம் நோய் எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வருமானத்தை மட்டும்தான் கேட்கிறார்கள். பாதி வழி நாம் ஏற்கெனவே வந்துவிட்டோம். மீதி பாதி, நோய் வருவதற்கு முன்பே தேடிப்போய்ப் பரிசோதிப்பது. அதற்குத்தான் ஏடு வேண்டும்.

6

அந்த ஏட்டைத் தொடங்க விபத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏலத் தோட்டங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் மருந்தடிப்பவர்கள் இன்றைக்கே ஆளாகிக்கொண்டிருக்கிறார்கள், கதிர்வீச்சுக்கு அல்ல, பூச்சிமருந்துக்கு. பெயர், ஊர், தேதி, தோட்டம், அடித்த மருந்து: இந்த ஐந்தும் இருந்தால் போதும். ஒரு படி தொழிலாளி கையில், ஒரு படி அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். எல்லைக்கு அந்தப் பக்கம் எழுதியதை இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் எழுதியதை அந்தப் பக்கமும் ஏற்க வேண்டும். நாளைக்கு எது நடந்தாலும், அன்று அங்கே இருந்தவர் யார் என்று அந்த ஏடு சொல்லும்.

இரண்டு மாநிலம் எப்படிச் சேர்ந்து செய்யும் என்று கேட்பீர்கள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் விழாவை ஒட்டித் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் கூடிப் பேசுகிறார்கள். எத்தனை ஜீப் மேலே போகலாம், எந்த இடத்தில் தண்ணீர் வைப்பது, எங்கே மருத்துவர் நிற்பது என்று இரு தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஒரு நாள் மலை ஏறும் பக்தருக்காகச் செய்ய முடிந்ததை, ஆண்டெல்லாம் அதே மலை ஏறும் கூலியாளுக்காகவும் செய்ய முடியும். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் இந்தப் பதிவேட்டையும் சேர்க்கக் கோரி இரு ஆட்சியர்களுக்கும் ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்திடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் அங்கேயே இருக்கிறது. முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.